வர வேண்டாம் என்று எழுதி வாங்க ஆரணிக்குப் போனேன்

நான் வேலை செய்யும் இடத்துக்கு நான் வரவே தேவையில்லை என்று ஒரு கடிதம் வேண்டியிருந்தது. அதை எழுதி வாங்க அந்த இடத்துக்கே நேரில் போகவேண்டியதாயிற்று. ஏழு வருடமாக எனக்குச் சோறு போடும் ஊரை நான் முதல் தடவையாகப் பார்த்தது இப்படித்தான்.

ஊர் ஆரணி. நான் இருப்பது பாளையங்கோட்டையில், ஒரு மாடி வீட்டில், வாடகைக்கு. ஆரணியில் நெசவாளர்களுக்குப் பாவு நூலும் ஜரிகையும் கொடுத்துப் பட்டுச் சேலை நெய்து வாங்கும் மாணிக்கவேல் அண்ணாச்சிக்கு, முந்தி, பார்டர், புட்டா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து அனுப்புவது என் வேலை. அவர் போனில் சொல்வார்: "மயிலு வேணும்மா. ஆனா போன தபா போட்ட மயிலு வேணாம்." நான் வேறொரு மயிலை அனுப்புவேன். இப்படியே ஏழு வருடம் ஓடிவிட்டது. அவர் முகத்தைக்கூடக் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் அச்சடித்த புகைப்படத்தில்தான் பார்த்திருந்தேன்.

கடிதம் எதற்கு என்றால், விசாவுக்கு. என் அக்கா கலா தாய்லாந்தில், சியாங் மாய் என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பத்தொரு வயதில், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து, உண்டாகியிருந்தாள். அத்தான் கப்பலில் இன்ஜினியர். புரட்டாசியில்தான் கரைக்கு வருவார். ஆவணிக் கடைசியில் பிரசவம் என்று நாள் குறித்த டாக்டர், அதுவரை படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுத் தாய்லாந்துக்கார அம்மா ஒருத்தி சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாளாம்.

எங்கள் அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினான்கு. அதன் பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது எல்லாம் அவள்தான். இந்தச் சமயத்தில் நான் அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன் என்று தெரிந்தது.

சுற்றுலாவுக்குக் கொடுக்கிற நாட்கள் பத்தாது. தவிர, சுற்றுலா என்று சொல்லிவிட்டு அறைக்குள் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்கிற தைரியம் எனக்குக் கிடையாது. ஒருவரை வழியனுப்பப் போனால்கூடப் பிளாட்பார டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குள் போவேன். வெளிநாட்டில் தங்கிக்கொண்டு சொந்த ஊர் வேலையைச் செய்கிறவர்களுக்கென்றே இப்போது ஒரு விசா இருக்கிறது. அதற்குக் கையிருப்பு காட்டவேண்டும். அப்பா வீட்டை விற்றதில் என் பங்கு வங்கியில் இருந்தது. இன்னொன்று, முதலாளியின் கடிதம்: இவர் எங்களிடம் வேலை செய்கிறார், எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்று.

அண்ணாச்சி உடனே ஒப்புக்கொண்டார். "உன் நட்சத்திரம் இன்னாம்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்யப் போகிறார் என்று நினைத்து, சதயம் என்று சொன்னேன். நான்கு நாளில் கடிதம் தபாலில் வந்தது. கையெழுத்து இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். அப்படியே இணையத்தில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

விசா அலுவலகத்தில் இருந்து பதில் வந்தது. "உங்கள் வேலை அடுத்த மாதம்தான் தொடங்குவதாகக் கடிதத்தில் உள்ளது. தற்போது வேலையில் இருப்பதற்கான கடிதத்தையும், நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழையும் வரும் திங்கட்கிழமைக்குள் அனுப்பவும்." கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். தேதி, ஆவணி மாதத்தில் ஒரு நாள். நாங்கள் அப்போது இருந்தது ஆடி மாதம். ஒரு புட்டாவில் ஒரு கட்டம் தவறினால் தூக்கம் வராத நான், தேதியைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். "ஆவணி பொறக்கட்டும்மா" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை. அன்று ராத்திரியே கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலூரில் இறங்கினேன். "ஆரணி போகுமா?" என்று ஒரு கண்டக்டரைக் கேட்டேன். "ஏறுங்க, ஏறுங்க, கண்ணமங்கலத்துல எறங்கி மாறிக்கலாம்" என்றார். பஸ் முழுக்க மஞ்சள் புடவைகள். எல்லார் கையிலும் வேப்பிலை. அது ஆடி வெள்ளி என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த அம்மாள், எனக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதன் பிறகு அவள் பேசிய அறிவுரையைக் கேட்டுக்கொண்டே, ராத்திரி பூராவும் முழித்திருந்த அசதியில், அவள் தோளிலேயே சாய்ந்து தூங்கிப் போனேன்.

கண் விழித்தபோது பஸ் நின்றிருந்தது. எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "ஆரணியா?" என்றேன்.

"இன்னாது ஆரணியா? படவேடு வந்துட்சிம்மா!" என்றாள் அந்த அம்மாள். "கண்ணமங்கலம் எப்பவோ போச்சி. நல்லா தூங்கிகினு வந்தே, எழுப்ப மனசு வர்லே. நீயும் அம்மனுக்குத்தான் வர்றேன்னு நெனச்சிகினேன்."

அவளே என்னைக் கூழ் ஊற்றுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கேழ்வரகுக் கூழ், மேலே நறுக்கிய சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் பக்கம் ஆடி என்றால் சங்கரன்கோவில் தபசு. கூட்டம் அங்கேயும் குறைவில்லை. ஆனால் இப்படி முன்பின் தெரியாதவள் கையில் சொம்பைத் திணித்து, "குடி, வெயில்ல வந்துகிறே" என்று அதட்டுவதை நான் பார்த்ததில்லை. இரண்டு சொம்பு குடித்தேன். பஸ் தவறியதற்கு வருத்தப்பட நேரம் கிடைக்கவில்லை.

திரும்புவதற்குத்தான் பட்டபாடு. வருகிற பஸ்களெல்லாம் நிரம்பி வந்தன, போகிற பஸ்கள் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஷேர் ஆட்டோவில் பதினோராவது ஆளாக சந்தவாசல் வரை வந்தேன். அங்கிருந்து ஆரணிக்கு நின்றுகொண்டே பயணம். ஆரணியில் இறங்கும்போது மணி நான்கு. விலாசத்தைக் காட்டியதும் ஆட்டோக்காரர், "மாணிக்கவேலு ஊடா? ஜல்தியா ஏறுங்க, மழ வர்ற மாதிரி கீது" என்றார். மழை வரவில்லை. ஆனாலும் ஜல்தியாகத்தான் ஓட்டினார்.

கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறையில் வெள்ளைத் துணி விரித்து, சுவர் அலமாரியில் சேலைகள். அலமாரிக்கு மேலே சாமி படங்கள் வரிசையாக. கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு சர்ட்டிபிகேட். அதற்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். அண்ணாச்சி பத்திரிகைப் படத்தில் இருந்ததைவிடக் குள்ளம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"உமாவா? போட்டோ கூட அனுப்பினதில்லையேம்மா நீ! சரோஜா, யாரு வந்துகிறாங்க பாரு!"

சரோஜா அவர் மனைவி. போனில் அண்ணாச்சியின் குரலுக்குப் பின்னால் "யாருங்க அது?" என்று கேட்கும் குரலாக மட்டும் அவளை எனக்குத் தெரியும். வந்தவள் என் காலைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "படவேடு போய்ட்டு வந்தியா? கால்ல மஞ்ச தண்ணி கீதே" என்றாள். அண்ணாச்சியின் மனைவி என்பதால் எங்கள் ஊர் வழக்கப்படி மதினி என்று கூப்பிட்டேன். "இங்க அண்ணின்னு சொல்லுவாங்க. பரவால்ல, இதுவும் நல்லாத்தான் கீது" என்று சிரித்தாள்.

காப்பி குடித்த கையோடு விஷயத்தை எடுத்தேன். அண்ணாச்சியின் முகத்தில் துளி வருத்தம் இல்லை, பெருமைதான் இருந்தது. "தேதி தெரிஞ்சிதான் போட்டேன். உன் நட்சத்திரத்த ஜோசியர்கிட்ட குடுத்து, பொருந்தி வர்ற முகூர்த்தமா பார்த்து வாங்கினேன். சும்மா போடலம்மா."

"அண்ணாச்சி, அவங்க நான் இன்னும் வேலையிலேயே சேரலேன்னு நெனைக்காங்க. இன்னைக்குத் தேதி போட்டு ஒண்ணு தாங்க. திங்கக்கிழமைக்குள்ள அனுப்பணும்."

"ஆடியிலயா?" அவர் உண்மையிலேயே பயந்துவிட்டார். "ஆடியில நான் புதுசா ஒரு தறி கூட போடறதில்ல. நீ போறது புள்ளப்பேறு காரியம். உங்க அக்காவுக்கு பன்னெண்டு வருஷம் கழிச்சி. ஆடியில கையெழுத்து போட்டு அனுப்பி, நாளைக்கி ஏதானா ஒண்ணு ஆச்சின்னா நான் இல்ல பதில் சொல்லணும்?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் அக்காவுக்கு நல்லது நடக்கவேண்டும் என்று நினைத்தே என் விசாவுக்குக் கொள்ளி வைக்கிற மனுஷரிடம் என்ன சண்டை போடுவது? ராத்திரி மதினி தோசையும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்தாள். எங்கள் ஊரில் சட்னி என்றால் தேங்காய்தான். இங்கே வேர்க்கடலை வயலில் விளைகிறது, தோசைக்கும் அதுதான். கோபத்திலும் ஆறு தோசை சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை அண்ணாச்சி என்னைத் தன் மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து முள்ளிப்பட்டுக்கு அழைத்துப் போனார். பேச்சை மாற்றத்தான் என்று தெரியும். ஆனாலும் என் மயில்கள் நெய்யப்படுகிற இடத்தைப் பார்க்கிற ஆசை எனக்கும் இருந்தது. தெரு முழுக்கத் தறிச் சத்தம். ஒரு வீட்டுக்குள் டிவி, அதற்குப் பக்கத்தில் தறி, தறிக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பைகள்.

"இதெல்லாம் நம்ம வேலைதான்" என்று வழியெல்லாம் காட்டிக்கொண்டே வந்தார் அண்ணாச்சி. "ஒருத்தராவது எங்கிட்ட வந்து உக்காந்து நெய்யறாங்களா? அவங்கவங்க ஊட்லதான். எங்க அப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான். இதுக்குப் போயி ஒரு கவர்மெண்டு தனியா விசா குடுக்குதா? பேஜார்தான் போ."

ரேவதி என்ற நெசவுக்காரியின் வீட்டில் நுழைந்தோம். தறியில் பாதி முந்தி ஏறியிருந்தது. நான் வைகாசியில் வரைந்த மயில். திரையில் பார்த்தபோது கை அகலத்துக்குத் தெரிந்தது, தறியில் உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தது. இருந்த இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

"இந்த மயில வரைஞ்சது இவங்கதான்" என்று அண்ணாச்சி அறிமுகம் செய்தார்.

ரேவதி ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதானா அது? கண்ணுக்கு மட்டும் தனியா ஒரு பச்ச கேட்டு உசுர வாங்கிட்டீங்களே! அந்த ஒரு புள்ளிக்காக மயிலுக்கு மயிலு நிறுத்தி நூல் மாத்திகினு கீறேன். கல்யாணத்துல யாரு வந்து மயிலு கண்ண உத்து பாக்கப் போறாங்க?"

திரையில் அந்தப் பச்சை ஒரே ஒரு கட்டம். ஒரு நொடியில் வைத்தது. அதற்கு இவள் எத்தனை தடவை கையை நிறுத்தியிருக்கிறாள் என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. இனிமேல் கண்ணுக்கு ஜரிகையையே விட்டுவிடுகிறேன் என்றேன். "மொத மொதல்ல அப்படியே போட்டிருக்கலாமே" என்றாள். மோர் கொடுத்தாள்.

அங்கே இருக்கும்போதுதான் அக்காவின் போன் வந்தது. ராத்திரி வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பொய் வலி என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்களாம். "ஒண்ணுமில்ல உமா, பயப்படாதே" என்றாள். டாக்ஸியில் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வந்திருக்கிறாள். டிரைவருக்கு அவள் சொன்னது புரியவில்லை, வேறு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டானாம். அதைச் சொல்லி அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தறி ஓரமாக உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ரேவதி அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டாள்: "ஒரு கையெழுத்துதானே? போட்டுத்தான் குடுங்களேன்."

அண்ணாச்சி மொபெட் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு மட்டும் இஷ்டமா? கை வர்லியே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவர் பிரியாணிப் பொட்டலங்களோடு வந்தார். சமாதானப் பிரியாணி என்று பார்த்தாலே தெரிந்தது. ஆரணிப் பிரியாணியை வாழையிலையில் பிரித்ததும் அறை பூராவும் வாசனை. காரம் குறைவு, அரிசி பொலபொலவென்று, கூடவே புளிப்பாகக் கத்தரிக்காய்த் தொக்கு. பாளையங்கோட்டையில் பிரியாணிக்குத் தயிர் வெங்காயம் கொடுத்தே பழகிய எனக்குக் கத்தரிக்காய் முதலில் சந்தேகமாக இருந்தது. இரண்டாவது வாயில் சந்தேகம் தீர்ந்தது. இதையும் எழுதுவதற்குக் காரணம், கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போதும் நான் ரசித்துச் சாப்பிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சாப்பிட்டுவிட்டு, கடிதம் கிடைக்காவிட்டாலும் அவர்கள் கேட்ட இன்னொரு காகிதத்தையாவது எடுத்துக்கொள்வோம் என்று, "அண்ணாச்சி, கடைக்குப் பதிவுச் சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டேன்.

"தோ, சாமி பக்கத்துல மாட்டிகினு கீதே" என்று கையைக் காட்டினார்.

ஸ்டூல் போட்டு ஏறி, சந்தனப் பொட்டு வைத்த சர்ட்டிபிகேட்டைப் போனில் படம் எடுத்தேன். எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். கடையின் பெயர் சரி. விலாசம் சரி. உரிமையாளர் என்ற இடத்தில், சரோஜா.

நான் ஸ்டூலை விட்டு இறங்காமலே கேட்டேன். "அண்ணாச்சி, கடை மதினி பேர்லயா இருக்கு?"

"ஆமா" என்றார் அவர், கத்தரிக்காயை வழித்துக்கொண்டே. "பதிவு பண்ற நேரத்துல எனக்கு ஏழரை சனி. எம் பேர்ல எதையும் ஆரம்பிக்க வேணாம்னு ஜோசியர் சொல்ட்டாரு. அதான் இவ பேர்ல. ஏன்?"

"அப்போ நீங்க போட்ட கையெழுத்து செல்லாது. முதலாளி மதினிதான். தேதி சரியா இருந்தாலும் அவங்க திருப்பித்தான் அனுப்பியிருப்பாங்க."

தண்ணீர்ச் சொம்போடு வந்த மதினி நடுக்கூடத்திலேயே நின்றுவிட்டாள். "இன்னா சொல்றே? வருஷா வருஷம் ஆடிட்டர் காட்டற எடத்துல கையெழுத்து போடுவேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும். அப்ப உனக்கு வேல குடுத்தது நானா?"

"நீங்கதான் மதினி. ஏழு வருஷமா."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். "அப்ப நான் போடறேன்" என்றாள்.

"சரோஜா, ஆடி!" என்றார் அண்ணாச்சி.

"ஆடி உங்களுக்கு. எனக்கு அம்மன் மாசம். வெள்ளிக்கெழம நம்ம தெருவுல நான்தான் கூழ் ஊத்தினேன். இந்தப் பொண்ணு வழி தப்பி அம்மன் வாசல்ல போய் நின்னுட்டு வந்துகிறா. இதுக்கு மேல உங்க ஜோசியர் இன்னா நாள் பாக்கணும்?" என்றாள் மதினி. "அங்க ஒருத்தி வயித்த புடிச்சிகினு தனியா டாக்ஸில போறா. இவர் ஆவணின்றாரு."

நான் வந்த நாளில் இருந்து அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அண்ணாச்சி இலையை மடித்துவிட்டுக் கை கழுவ எழுந்தார். அவர் நம்பிய ஜாதகமே கடையை அவள் கையில் கொடுத்திருந்தது.

பாதி ஷட்டர் இறக்கிய ஒரு கடையைக் கண்டுபிடித்து, கடிதத்தை அடித்து எடுத்து வந்தேன். மதினி தரையில் உட்கார்ந்துகொண்டாள். "இங்கிலீசுல இன்னா எழுதிக்குதுன்னு ஒவ்வொரு வரியா சொல்லு. காட்டற எடத்துல போட்டுப் போட்டுத்தான் இப்படி ஆச்சி" என்றாள். வரி வரியாகச் சொன்னேன். இவர் ஏழு வருடமாக எங்களிடம் வேலை செய்கிறார். சரி என்றாள். வெளிநாட்டில் இருந்தும் இந்த வேலையைத் தொடர்வார். சரி. வேலை செய்யும் இடத்துக்கு இவர் வரத் தேவையில்லை.

"அது எதுக்கு?"

"அதுதான் முக்கியம் மதினி. அதுக்குத்தான் விசாவே."

"ஏழு வருஷம் கழிச்சி முந்தா நேத்துதான் வந்துகிறே. வர வேணாம்னு எங்கிட்டயே கையெழுத்து வாங்கறியா?" என்று முணுமுணுத்தாள். பிறகு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, தமிழில் சரோஜா என்று போட்டாள். தேதியை அவளே கேட்டு, அவளே எழுதினாள். அன்றைய தேதி.

முத்திரை அண்ணாச்சியின் சட்டைப் பையில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்குமாம். இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம். அவர் எழுந்து, முத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் கை கழுவிட்டு வர்றேன்" என்று பின்கட்டுக்குப் போனார். பிரியாணி சாப்பிட்ட கையை அவர் ஏற்கெனவே கழுவியிருந்தார். திரும்பி வர வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் முத்திரை விழுந்து, மை காய்ந்து, சான்றிதழோடு கடிதமும் என் போனிலிருந்து விசா அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை கிளம்பும்போது அண்ணாச்சி ஒரு பெட்டி மக்கன் பேடா கொடுத்தார். ஆற்காட்டில் இருந்து ஆள் அனுப்பி வாங்கியதாம். "உங்க அக்காவுக்கு" என்றார். "வெளிநாட்டுக்கு எடுத்துகினு போகலாமா?" என்றும் கேட்டார். அந்தப் பாகில் ஊறிய உருண்டை வேலூர் தாண்டியே போகாது என்று எனக்குத் தெரியும். போகும் என்றேன். கண்ணமங்கலத்தில் ஆட்டம் போட்ட பஸ்ஸில் பாகு ஒழுகி என் துப்பட்டாவெல்லாம் ஒட்டிக்கொண்டது. மிச்சத்தை நானே தின்றேன்.

பத்தாவது நாள் விசா வந்தது. அதற்கு மூன்றாம் நாள் சியாங் மாயில் இருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. தெருவெல்லாம் வறுத்த பூண்டு வாசனை. அக்காவின் முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், அதட்டிப் படுக்கவைத்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் சூப்போடு வந்து, என்னைக் காட்டி அக்காவிடம் ஏதோ கேட்டாள். என்ன என்று கேட்டேன். "உனக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேக்கா" என்றாள் அக்கா.

நான் போன மூன்றாம் நாள் விடியற்காலையில் பனிக்குடம் உடைந்தது. இன்னும் நான்கு வாரம் இருந்தது. இந்தத் தடவை டாக்ஸிக்காரனிடம் ஆஸ்பத்திரியின் படத்தைக் காட்டினேன். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் வளைந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்குப் பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் அழுகை குறைவில்லை. அக்கா தேறிவிட்டாள்.

மதியம் அறை ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரணிக்குப் போன் செய்தேன். வேலை தேங்கியிருந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு சேலைக்கு முந்தி பாக்கி. அண்ணாச்சிதான் எடுத்தார். குழந்தை பிறந்த செய்தியைச் சொன்னேன்.

"இன்னும் ஆவணி பொறக்கலியேம்மா" என்றார். அவர் குறித்துக் கொடுத்த முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அந்த நாளுக்குக் காத்திருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன் என்று அவரும் கணக்குப் போட்டிருப்பார். "பொறந்த நேரத்த சொல்லு, எழுதிக்கறேன்" என்றார். எழுதிக்கொண்டு, "நல்ல நேரம்தான்" என்றார். பிறகு, "அப்புறம் அந்த முந்தி..." என்று ஆரம்பித்தார்.

போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"உமா, நான்தான்" என்றாள் மதினி. "கொழந்த எப்படி கீது? அக்கா சாப்ட்டாளா? நீ இன்னா பண்றே?"

"லேப்டாப்பைத் திறந்திருக்கேன் மதினி. சாயங்காலத்துக்குள்ள முந்தியை அனுப்பிடுதேன்."

"மூடு அத" என்றாள். பின்னால் அண்ணாச்சி ஏதோ சொல்வதும், "நீங்க சும்மா இருங்க" என்று அவள் சொல்வதும் கேட்டது. "உனக்கு மொதலாளி நானா, அவரா? நான் சொல்றேன். இருவது நாளிக்கி அந்தப் பொட்டியத் தொறக்காதே. அக்காவப் பாத்துக்கோ."

வேலையைத் தொடர்வதற்கென்றே விசா வாங்கிக்கொண்டு வந்தவள், முதலாளி சொன்னபடி லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.